கட்டளை வரியில் ஓர் இடைவெளி

ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிறத்தில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோ கிடைக்கும். இதில் நாம் தரும் வரியை விண்டோஸ் எப்படிப் புரிந்து கொள்கிறது?

வரியின் முதல் சொல் கட்டளை. பின்னால் வருபவை ஆர்க்யுமெண்ட்கள். அதாவது, எந்த பைல், எந்த போல்டர் போன்ற விவரங்கள். ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதை இடைவெளியை வைத்தே விண்டோஸ் முடிவு செய்கிறது.

முதல் சொல் தனக்குள் அமைந்த கட்டளையா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் நீங்கள் இருக்கும் போல்டரிலும், பின்னர் 'பாத்' பட்டியலில் உள்ள போல்டர்களிலும் அந்தப் பெயரில் புரோகிராம் இருக்கிறதா எனத் தேடும். எங்கும் இல்லையென்றால், 'இது உள் கட்டளையோ வெளிக் கட்டளையோ அல்ல' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வரும். பயப்பட வேண்டாம். எதுவும் நடக்கவில்லை என்பதே இதன் பொருள். ஸ்பெல்லிங்கைச் சரிபார்த்து மீண்டும் டைப் செய்யுங்கள்.

ஆபத்து வேறு இடத்தில் உள்ளது. 'திருமணம்' என்ற போல்டரில் உங்கள் வீட்டுத் திருமணப் படங்கள் உள்ளன. 'திருமணம் டிரையல்' என்ற போல்டரில் வேண்டாத படங்கள். இரண்டாவதில் உள்ளவற்றை நீக்க, டெல் (டி, இ, எல்) கட்டளைக்குப் பின் அந்தப் பெயரை அப்படியே தந்தால், விண்டோஸ் அதை இரண்டு ஆர்க்யுமெண்ட்களாகப் பிரிக்கும். முதலாவது 'திருமணம்'! 'நிச்சயமாகவா?' என்று அது கேட்கும்போது, காட்டப்படும் போல்டர் பெயரைப் படிக்காமல் ஒய் கீயை அழுத்தினால் திருமணப் படங்கள் போய்விடும். டெல் நீக்கும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குச் செல்வதில்லை.

எனவே, இடைவெளி உள்ள பெயரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் தாருங்கள். அது ஒரே ஆர்க்யுமெண்டாகக் கொள்ளப்படும்.

நீக்கும் முன் ஒரு சோதனையும் செய்யலாம். டெல் என்பதற்குப் பதிலாக, பைல்களைப் பட்டியலிடும் டிர் (டி, ஐ, ஆர்) கட்டளையை அதே பெயருடன் தாருங்கள். எந்த பைல்கள் சிக்கும் என்று திரையில் தெரிந்துவிடும். பட்டியல் சரியென்றால், மேல் அம்புக்குறி கீயை அழுத்தி அதே வரியை வரவழைத்து, டிர் என்பதை மட்டும் டெல் என மாற்றி என்டர் தட்டுங்கள்.