தங்க முலாம் விளக்கும் பாதரசமும்


திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடுகளை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பர்மா, இலங்கை, மலேயா போய்ச் சம்பாதித்த நகரத்தார், தேக்கையும் பளிங்கையும் ஐரோப்பா விளக்குகளையும் கப்பலில் கொண்டுவந்து கட்டியவை. அப்படி ஒரு வீட்டை எங்க அப்பத்தாதான் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்குது. பொங்கலுக்கு முன்னாடி ஒட்டடை அடிக்க நானும் போனேன். அங்கே ஒரு தொங்குவிளக்கு. வெண்கலக் கொடியில் ரோஸ் நிறப் பீங்கான் பூக்கள். கொடி தங்கமாக மின்னியது.

"புளி போட்டுத் தேய்க்கவா அப்பத்தா?"

"தொட்றாத! துணியால தூசியத் தட்டு போதும். முலாம் போயிரும்."

பிரான்சில் தோன்றிய பாணி இது. பாரிஸ் அருகே வின்சென் என்ற ஊரில் 1740-ல் பீங்கான் ஆலை தொடங்கியது. அங்கே பூ செய்யத் தனிப் பட்டறை, இதழ் இதழாக ஒட்டியவர்கள் பெண்கள். 1756-ல் ஆலை செவ்ர் என்ற ஊருக்கு மாறியது.

முலாம் எப்படி வந்தது? தங்கத்தைப் பாதரசத்தில் கலந்தால் வெண்ணெய் மாதிரிக் குழையும். இதுதான் இரசக்கலவை. அதை வெண்கலத்தில் தடவிக் கரி நெருப்பில் சூடாக்குவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருகவே 1064 டிகிரி வேண்டும், அதனால் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் நாட்டிலும் செம்புக் கலசங்களுக்கு இப்படி முலாம் பூசியிருக்கிறார்கள்.

அந்த ஆவி எங்கே போகும்? பட்டறைக்காரர் நெஞ்சுக்குள்தான். கை நடுங்கும், பல் ஆடும், புத்தி தடுமாறும். 1840-ல் இங்கிலாந்தில் எல்கிங்டன் என்பவர்கள் மின்சாரத்தால் முலாம் பூசக் காப்புரிமை வாங்கினார்கள். நாம போடுற கவரிங் நகை அந்த வழியில் வந்ததுதான். (அதிலும் சயனைடு உண்டு!)

போன மாசம் எங்க வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தது. பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடினேன். என் மோதிரம் வெள்ளையாகிவிட்டது. அம்மா அழுதார்கள். அப்பா அதை அடுப்பில் காட்டினார். வெள்ளை போய் மஞ்சளாச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். தம்பி அடுப்பு ஓரத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

முலாம் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். சிந்தின பாதரசத்தை விளக்குமாறால் கூட்டக்கூடாதாம். ஜன்னலைத் திறந்து, அட்டையால் தள்ளி, மூடி போட்ட பாட்டிலில் போடணுமாம். தம்பியை டாக்டரிடம் காட்டவும் சொன்னார்கள். திங்கட்கிழமை புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம்.