சனிக்கிழமை சம்பளம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பள நாள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றுக்கும் வாரக் கணக்கு. நான் ஃபைனான்ஸ் மேனேஜர் ஆன நான்காவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் சம்பளத்துக்கு வேண்டிய 11 லட்ச ரூபாயை வங்கியிலிருந்து எடுக்க முடியவில்லை.

அந்த மாதம் கம்பெனி லாபத்தில் இருந்தது. கணக்கை முடித்து முதலாளி மேஜையில் வைத்ததே நான்தான். அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "லாபம் இருக்குதுங்கறீங்க அம்மணி, அப்பப் பணம் எங்கீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ராத்திரி பத்து மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது. கேஷ் கிரெடிட் கணக்கில் லிமிட் எவ்வளவு இருந்தாலும், அந்த மாத டிராயிங் பவருக்கு மேல் எடுக்க முடியாது. கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் கூட்டி, நாம் கொடுக்கவேண்டியதைக் கழித்து, அதில் 25 சதவீதம் மார்ஜின் போக மிஞ்சுவதுதான் எங்கள் வங்கியின் கணக்கு. 90 நாள் தாண்டிய பாக்கியை அதில் சேர்க்க மாட்டார்கள். உள்நாட்டுப் பார்ட்டி ஒருவர் தரவேண்டிய 38 லட்சம் அந்த மாதம்தான் 90 நாளைத் தாண்டியிருந்தது. என் புத்தகத்தில் அது விற்பனை, அதில் லாபமும் உண்டு. வங்கிக்கு அது பூஜ்யம். டிராயிங் பவர் 28.5 லட்சம் குறைந்துவிட்டது. ஒரு பில்லின் தேதியை நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி தெரிந்த நூல் வியாபாரியிடம் இரண்டு நாள் கைமாத்து வாங்கினார். ஐந்து மணிக்குத் தரவேண்டிய சம்பளத்தை ஏழரைக்குக் கொடுத்தோம். ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு டிபன் பாக்ஸோடு வாசலில் நின்ற பெண்களின் முகத்தை நான் மறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு எக்செல் ஷீட் போட்டேன். வரப்போகும் 13 வாரத்துக்கு, வாரம் ஒரு பத்தி. மேலே எந்தப் பார்ட்டியிடமிருந்து எவ்வளவு வரும். கீழே நூல், சாயம், சம்பளம், கரன்ட், வட்டி, வரி. போடுவது சுலபம், அதில் உண்மையான தேதியை நிரப்புவதுதான் வேலை. பில்லில் 60 நாள் என்று இருக்கும், அந்தப் பார்ட்டி வழக்கமாகத் தருவது 80 நாளில். ஷீட்டில் 80 என்றுதான் எழுதவேண்டும். இதெல்லாம் அக்கவுன்ட்ஸ் அறைக்குள் உட்கார்ந்திருந்தால் தெரியாது. சாயப்பட்டறையில் துணி நிற்கிறதா, ஷேடு அப்ரூவல் வந்ததா, தூத்துக்குடியில் கப்பலைப் பிடிப்போமா என்பது மெர்ச்சன்டைசருக்குத் தெரியும். தினமும் காலையில் அரை மணி நேரம் ஃப்ளோருக்குப் போக ஆரம்பித்தேன். பத்து வருஷ வேலையில் நான் கற்றதில் பாதி அங்கே கற்றது.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வாங்கிய நாளிலிருந்து ஷிப்மென்ட் வரை 75 நாள், பையர் பணம் தர இன்னும் 60 நாள். நூல் மில் தரும் கடன் 30 நாள் என்றால், மீதி 105 நாள் நம் பணமோ வங்கிப் பணமோ அதைத் தாங்கவேண்டும். அந்த வட்டியைச் சேர்க்காமல் விலை சொல்லிவிட்டு, பிறகு ஆர்டரில் ஒன்றும் நிற்கவில்லை என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். கோட்டேஷன் போகும் முன்பே அந்த இடத்தில் ஃபைனான்ஸ் ஆள் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாதாமாதம் தவறவிடக் கூடாத கெடுக்களும் உண்டு: டி.டி.எஸ். 7ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-1 11ஆம் தேதி, பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் 15, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி 20. இவை தூக்கத்திலும் நினைவிருக்கும். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருகிறவருக்கும் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தரவேண்டும். தவறினால், நிலுவையாக நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். எங்கள் பிரின்டிங், எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க்காரர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இதைச் சுமை என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்கும் சனிக்கிழமை வருகிறதே.

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், நிறம் போன பழைய துணியை நல்ல சரக்கு விலையில் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் காட்டச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. சில வாரங்கள் வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. 5 கோடிக்கு மேல் வொர்க்கிங் கேப்பிட்டல் லிமிட் உள்ள கம்பெனிகளில், வங்கிக்குத் தந்த காலாண்டு ஸ்டேட்மென்ட் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லவேண்டும். பொய்க் கணக்கு ஒரு நாள் வெளியே வரும், அப்போது கேள்வி கையெழுத்துப் போட்டவரிடம்தான் வரும்.

இந்த வேலைக்கு எப்படி வருவது என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். சி.ஏ. முடித்தால் கதவு சுலபமாகத் திறக்கும். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். உற்பத்திக் கம்பெனிக்கு வர நினைத்தால் சி.எம்.ஏ. மிக நல்ல படிப்பு, காஸ்டிங்கை ஆழமாகக் கற்றுத் தரும். நான் சி.ஏ. இன்டர் வரைதான் முடித்தேன். ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம், பிறகு அக்கவுன்டன்டாக ஐந்து வருஷம். டேலியில் என்ட்ரி போடுவதோடு நின்றுவிட்டால் மேனேஜர் ஆக முடியாது. பேங்க் ரீகன்சிலியேஷன், காஸ்டிங், வங்கிக்கான ப்ரொஜெக்‌ஷன் மூன்றையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். வங்கி அதிகாரி பத்துக் கேள்வி கேட்பார். பதில் தேடும்போதுதான் தொழில் பிடிபடும்.

இப்போது ஆள் எடுக்கும்போது நான் ஒன்றுதான் தருவேன்: ஒரு கம்பெனியின் இரண்டு வருட பேலன்ஸ் ஷீட். லாபம் வந்திருக்கிறது, கடனும் ஏறியிருக்கிறது, பணம் எங்கே போனது என்று கேட்பேன். சரக்கிலா, பாக்கியிலா, மெஷினிலா என்று தேட ஆரம்பிக்கிறவரை எடுத்துக்கொள்வேன், விடை முழுதாக வராவிட்டாலும்.

கே.பி.ஆர். மில் மாதிரியான லிஸ்டட் கம்பெனிகளின் ஆண்டறிக்கை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பி.காம் கடைசி வருஷத்தில் இருக்கிறவர்கள் இந்த லீவில் ஒன்றை இறக்கி, கேஷ் ஃப்ளோ பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.