துயில்நடை

சென்ற மார்கழியில் ஓர் இரவு, எங்கள் விடுதி மாடிப்படியின் விளிம்பில் என் அறைத்தோழர் நின்றுகொண்டிருந்தார். தில்லிக் குளிரில் போர்வைகூட இல்லை. கண்கள் திறந்திருந்தன, கூப்பிட்டால் பதில் இல்லை. மெல்லத் தோளைப் பற்றி அழைத்து வந்து படுக்க வைத்தேன். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

செய்தி பரவியது. "பேய்" என்றார் ஒருவர். கேரள நண்பர், "எங்கள் மொழியில் இது ஸ்வப்னாடனம்" என்றார். கனவில் உலாவுதல் என்று பொருள். அழகான சொல்தான். ஆனால் அதன்பின் கண்டவரெல்லாம், "என்ன கனவு? யாரைத் தேடிப் புறப்பட்டீர்?" என்று கேட்கலாயினர். மனிதர் உணவுக்கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு சொல் இவ்வளவு செய்யுமா என்று ஆராயப் புகுந்தேன். மருத்துவர் கூறும் 'சோம்னாம்புலிசம்' இலத்தீன் வழி வந்தது. 'சோம்னுஸ்' தூக்கம், 'ஆம்புலாரே' நடத்தல். கனவு அதில் இல்லை. உண்மையும் அதற்கே அருகில் இருக்கிறது. கனவு செறிந்த உறக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடக்கும். எழுந்து நடப்பதோ பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில். மூளையில் ஒரு பகுதி விழித்திருக்க, மற்றொரு பகுதி உறங்கும் நிலை அது. சிறுவரிடம் இது மிகுதி.

நாம் 'தூக்கத்தில் நடத்தல்' என்கிறோம். பொருளில் பிழையில்லை, எடுத்தாளத்தான் சற்று நீளம். சுருக்கப் போனால் வழுக்கும் இடங்கள் உண்டு. 'தூங்குநடை' எனலாமா? பழந்தமிழில் தூங்குதல் தொங்குதல், அசைதல். தூக்கணாங்குருவியின் கூட்டை நினைத்துக்கொள்க. யானை அசைந்து நடப்பதாகிவிடும்! 'துஞ்சுநடை'? துஞ்சுதல் இறத்தலையும் குறிக்கும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் அங்கே உயிர்நீத்த சோழன். பேய் என்றவருக்கு வேண்டுமானால் அச்சொல் பிடிக்கும். எஞ்சுவது 'துயில்நடை'. 'மீளா' என்று அடைகொடுத்தாலன்றித் துயிலில் சாவு இல்லை, கனவும் இல்லை.

'அவருக்கு இருமல் உண்டு' என்பதுபோல் 'துயில்நடை உண்டு' என்று வழங்கலாம். 'துயில்நடையன்' என்று ஆளுக்குப் பட்டம் கட்டுவதை நான் ஒப்பேன். காலை எட்டு மணி வகுப்புக்கு வரும் நம்மில் பலருக்கு அது பொருந்தும் என்பது வேறு.

கதவுத் தாழ்ப்பாளை உயரத்தில் மாற்றிப் பொருத்தினோம். உணவுக்கூடத்துக்கு அவர் மீண்டும் வருகிறார். நேற்றுக் காலை அவரே கேட்டார்: "இரவு துயில்நடை உண்டா?"

"இல்லை ஐயா, குறட்டை மட்டும்தான்" என்றேன்.