செவிக்கும் ஒரு நூலகம்

நூலகம் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவது 'அமைதி காக்கவும்' என்னும் அறிவிப்புப் பலகையே. அவ்வமைதிக் கூடத்தில் நூலாசிரியர் ஒருவர் உரையாற்றுவதும் இசைவாணர் பாடுவதும் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். நூலகம் திருமண மண்டபமாகிவிடும் என்று கவலையுறும் பெரியவர்களையும் யான் அறிவேன். தமிழ் மரபை அறிந்தார்க்கு இவ்வையம் எழ வேண்டுவதில்லை. திருப்பூர் போன்ற தொழில் நகர்க்கோ இத்தகு நிகழ்ச்சிகள் ஏனைய ஊர்களினும் மிகுதியாக வேண்டப்படுவன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் கல்வியை 40ஆம் அதிகாரமாகவும், கல்லாமையை 41ஆம் அதிகாரமாகவும் வைத்து, 42ஆவதாகக் கேள்வியை வைத்தார். இவ்வைப்பு முறை எண்ணத்தக்கது. கற்க வாய்ப்பில்லாதார்க்கு இனி வழியில்லை என்று கைவிடாமல், செவி என்னும் வாயிலை அடுத்த அதிகாரத்திலேயே திறந்து வைக்கிறார். கேள்வி ஈண்டு வினாவன்று, கேட்டு அறிதல்.

நூலாசிரியரை அவையில் இருத்தி அவர் நூலை அவர் வாயிலாகவே கேட்டல் நமக்குப் புதிதன்று. அதற்கு 'அரங்கேற்றம்' என்று பெயரிட்டிருந்தோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, அவர்தம் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது என்பர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தப் பாக்களைக் கொண்ட அந்நூல் அச்சேறியதோ 1842இல்தான். இடைப்பட்ட ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் அஃது எவ்வாறு வாழ்ந்தது? ஏட்டிலும், இசையோடு படித்தார் நாவிலும், கேட்டார் செவியிலும் வாழ்ந்தது. படிப்பவர் ஒருவர், கேட்பவர் ஊரார் என்பதே அந்நாளைய நூலகம்.

நம் மாவட்டத்திலேயே இதனினும் அண்மைச் சான்று உண்டு. கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1965இல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, பொன்னர் சங்கர் வரலாறாகிய அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர் பாடப்பாட ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் தொடர்ந்த பாட்டு அது. பின்னர்த் தமிழும் ஆங்கிலமுமாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக நூலுருப் பெற்றது. நூலகத்து அலமாரியில் இன்று அந்நூலை எடுப்பவர் கையில் இருப்பது ஒரு காலத்தில் உடுக்கையொலியோடு கேட்ட குரல். அக்கதையைப் பாடவல்லார் ஒருவரை நூலகத்துக்கு அழைத்துப் பாடச் செய்தால், அஃது அந்நூலைத் திறந்து காட்டுவதேயன்றிக் களியாட்டம் ஆகாது.

நூலகத்துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதனும் இதற்கு மாறுபட்டவரல்லர். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்ட அவர், எழுத்தறியாதார்க்கு வாசித்துக் காட்டுதல், வாசகர் வட்டம், பொதுச் சொற்பொழிவு, விழா ஆகியவற்றையும் நூலகத்தின் விரிவுப் பணிகளாகவே கொண்டார். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளங்களோடு பெரிய அரங்கும் திறந்தவெளி அரங்கும் உடையதாக அமைக்கப்பெற்றது. அங்குப் 'பொன்மாலைப் பொழுது' என்னும் பெயரில் எழுத்தாளரும் கலைஞரும் வாசகரைச் சந்தித்து உரையாடும் நிகழ்ச்சி சனிக்கிழமை மாலைகளில் நிகழ்த்தப் பெற்றது. சென்னைக்குச் சனிக்கிழமை மாலை பொருத்தமானது.

திருப்பூருக்கு அது பொருந்தாது. சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக் கிளை நூலகம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எழுத்தாளர் சந்திப்பு நடைபெற்றது. நாற்பது நாற்காலிகள் இடப்பட்டிருந்தன. வந்திருந்தோர் பதினொருவர், என்னையும் ஓய்வுபெற்ற ஆசிரியர் மூவரையும் சேர்த்து. எழுத்தாளரோ பனியன் தொழிலாளர் வாழ்வைக் கதையாக்கியவர். அவர் யாரை எழுதினாரோ அவருள் ஒருவரும் அங்கில்லை. அன்று சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து கூலியைக் கையில் வாங்க இரவு எட்டரை ஆகும். அதன் பின்னர் மளிகைக் கடைக்குப் போவாரா, நூலகத்துக்கு வருவாரா? மறுநாள் கடைவீதியில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். ஏன் வரவில்லை எனக் கடிந்து கேட்டேன். "ஞாயித்துக்கிழமை காலைல வெச்சா வந்துருவனுங்க ஐயா, சனிக்கிழமை வெச்சா யாருங்க வருவாங்க?" என்றார். நாணினேன். இருபதாண்டுக்கு மேல் இவ்வூரில் பாடம் சொல்லும் எனக்கு இது தோன்றவில்லை.

கியூபா நாட்டு அவானா நகரில் 1865இல் சுருட்டுத் தொழிலாளர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். தாங்கள் சுருட்டுச் சுற்றும் நேரத்தில் நாளிதழும் புதினமும் உரக்க வாசிப்பதற்கென ஒருவரை அமர்த்தி, அவர்க்குத் தங்கள் கூலியிலிருந்தே ஊதியம் அளித்தனர். அடுத்த ஆண்டே ஆட்சியாளர் அதற்குத் தடை விதித்தனர். கேள்வியின் ஆற்றலை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்! எனினும் வழக்கம் மீண்டும் தழைத்தது. பின்னாளில் புகழ்பெற்ற 'மான்டி கிறிஸ்டோ' சுருட்டுக்கு, தொழிலாளர் விரும்பிக் கேட்ட அலெக்சாண்டர் டூமாவின் புதினத்தின் பெயரே அமைந்தது. சுருட்டு ஆலையில் எந்திர இரைச்சல் இல்லை. ஆதலின் அது கூடிற்று. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் எந்திரங்களின் ஓசைக்கு மேல் திரைப்பாடல் ஒலிக்கலாம், புதினம் ஒலிக்க இயலாது. கையும் கண்ணும் தையலுக்கு உரிமையாகிப் போன பெண், இரவில் எட்டுப் புள்ளி எழுத்தில் அச்சிட்ட நூலை விரித்தால் கண் மூடிக்கொள்ளும். செவி மட்டும் அவ்வளவாகத் தளர்வதில்லை. ஆதலின் அவர்களுக்கான இடம் ஆலையன்று, நூலகமே.

இதனைச் சலுகையாகக் கருதலாகாது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. கம்பெனிக் கட்டடத்துக்கும் வரி உண்டு. லைன் வீட்டுக்கும் வரி உண்டு. லைன் வீட்டு வாடகைக்குள் அவ்வரியும் அடங்கும். நூலகத்துள் ஒருநாளும் கால் வைக்காத செக்கிங் பெண்ணும் அயர்ன் மாஸ்டரும் அதன் செலவில் தம் பங்கை முன்னரே செலுத்தியவர்கள்.

கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று அவை திறந்தே இருப்பவை. படிப்போர்க்கு இடையூறு நேராவண்ணம் முன்றிலிலோ மாடியிலோ ஒலிபெருக்கியின்றி நடத்தலாம். உடுக்கைக்கும் தம்புராவுக்கும் ஒலிபெருக்கி எதற்கு? எழுத்தாளர் ஒருமணி நேரம் சொற்பெருக்காற்றுவதினும், தம் கதையொன்றை வாசித்துவிட்டுக் கேட்டார் வினாக்களுக்கு விடையளித்தல் நன்று. நம் துறை மாணவருள் நிறுத்தி வாசிக்கவல்லார் அறுவர் உளர். ஞாயிறு காலை பதினொரு மணி என்று நூலகரிடம் பேசியுள்ளேன். கட்டிங் மாஸ்டர் தம் கம்பெனியிலிருந்து நால்வரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.