நஞ்சு இப்போது எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

ஒரத்தநாட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்திருக்கிறாயாம்; சந்தோஷம். சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டால் உனக்கு இரவுத் தூக்கம் குறையும். பூச்சிமருந்து குடித்தவரும் வருவார். சட்டை நனைய மருந்து அடித்துவிட்டு வரப்பிலேயே சுருண்டவரும் வருவார்.

யார் வந்தாலும், நஞ்சு இப்போது உடம்பில் எங்கே இருக்கிறது என்று யோசி. மருந்து அடித்தவருக்கு அது இன்னும் சட்டையிலும் தோலிலும் இருக்கிறது. நீ ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சைக் கவனிப்பது உன் வேலை. சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுவதை, கையுறையோடு, நர்ஸ் அக்கா பார்த்துக்கொள்ளட்டும்.

பாட்டிலைக் கொண்டுவரச் சொல். மோனோகுரோட்டோபாஸ் உள்ளே போன வடிவிலேயே கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும். அறிகுறி சீக்கிரம் தெரியும். குளோர்பைரிபாஸைக் கல்லீரல் மாற்றிய பிறகுதான் அதன் முழு வேகம். அது கொழுப்பிலும் போய்த் தங்கி, மெல்ல மெல்ல இரத்தத்துக்குத் திரும்பும். காலையில் இட்லி கேட்டவர் மறுநாள் வியர்த்து விறுவிறுத்துக் கிடப்பார். “அதான் நல்லாயிட்டாரே, கூட்டிட்டுப் போறோம் சார்” என்பார்கள். விடாதே.

கண்மணியைப் பார்த்து, முறிமருந்தான அட்ரோபினின் அளவை முடிவு செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்மணி விரியத் தாமதமாகும். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வை. கரகரப்பு அடங்கி, நாடித்துடிப்பும் சிஸ்டாலிக் அழுத்தமும் 80ஐத் தாண்டும்வரை 5 நிமிடத்துக்கொருமுறை அளவை இரட்டிப்பாக்கு. அட்ரோபின் மூளைக்குள்ளும் போகும் என்பதை மறக்காதே. காய்ச்சலோடு பிதற்றுகிறார், வயிற்றில் சத்தமே இல்லை என்றால் அளவு மிஞ்சிவிட்டது. நிறுத்து, அடங்கியதும் குறைத்துத் தொடங்கு.

இன்னொரு முறிமருந்தான பிராலிடாக்சைம் பலன் தருமா என்ற சண்டை ஓயவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. 2006இல் வெளியான பாராமதி ஆய்வில் தெரிந்தது. அதைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் முடிவு செய்யட்டும்.

கைகால், கழுத்துத் தசைகளில் நரம்பு சேரும் இடத்தில் அட்ரோபினுக்கு வேலையே இல்லை. நெஞ்சு தெளிந்த பிறகும், 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்து தளர்ந்து மூச்சு நின்றுபோகலாம். இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் இதை விவரித்தார்கள். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம்: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல். முடியவில்லையா, வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு உடனே அனுப்பு. சீட்டில் பாட்டிலின் பெயர், குடித்த நேரம், இதுவரை போட்ட அட்ரோபின் மூன்றையும் புரியும் கையெழுத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்