கெடா வயல்கள் கற்பிக்கும் தண்ணீர்ப் பாடம்



நமது பினாங்கில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கடைக்குப் போனால் அரிசி கிடைக்கிறது. இவை எங்கிருந்து வருகின்றன என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் குழாய் நீரில் பெரும்பங்குக்கும், நாட்டில் விளையும் நெல்லில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் கெடா மாநிலத்தின் மழையே ஆதாரம். சிறப்பாக, உலு மூடா காட்டில் பெய்யும் மழையைச் சொல்ல வேண்டும். அம்மழையை இனி முன்போல் நம்பியிருக்க முடியாது என்று அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். அதனால் வயலுக்கும் குழாய்க்கும் நேரக்கூடியது என்ன என்பதே இவ்விதழின் பாடம்.

அணைகளின் அமைப்பு

முன்னாளில் கெடாச் சமவெளியில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. மழைக்காலம் போனால் வயல் வெடித்துக் கிடக்கும். 1966-ல் மூடா நீர்ப்பாசனத் திட்ட வேலை தொடங்கி, 1970-ல் இருபோகச் சாகுபடி ஆரம்பமாயிற்று.

இதற்காக மூடா, பெடு என்னும் இரண்டு அணைகளைக் கட்டினார்கள். மூடா அணைக்கு மழைநீரைத் தரும் காடு பெரிது. நீர் தேங்கும் இடமோ சிறிது. பெடு அணைக்கு நீர் தரும் காடு சிறிது. தேங்கும் இடம் பெரிது. அதில் சுமார் 100 கோடி கன மீட்டர் நீர் கொள்ளும். ஆகவே மலையைக் குடைந்து, 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் அமைத்து, மூடாவின் நீரைப் பெடுவுக்குக் கொண்டு வந்தார்கள். சிறு குடம் நிரம்பி வழியுமுன் அதன் நீரைப் பெருந்தாழியில் ஊற்றி வைப்பது போன்ற ஏற்பாடு இது. பின்னர் அஹ்னிங் அணையும் இவற்றுடன் சேர்ந்தது. இன்று ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேர் நிலம் இத்திட்டத்தில் அடங்கியிருக்கிறது.

மூடா ஆறு அணையோடு முடிந்துவிடவில்லை. கீழே ஓடி வந்து, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக அமைந்து, கடலில் கலக்கிறது. நம் மாநிலம் தனக்கு வேண்டிய நீரில் 80 சதவீதத்துக்கும் மேலாக இவ்வாற்றிலிருந்தே எடுக்கிறது. வறண்ட காலத்தில் ஆறு வற்றாதிருக்க உதவும் பெரிஸ் அணை 2004-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஆக, வயலும் குழாயும் ஒரே பானையிலிருந்து குடிக்கின்றன.

அணை இருந்தும் மழை வேண்டும்

அணை இருக்கும்போது மழையைப் பற்றிக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கெடா வயல்களுக்குச் சேரும் நீரில் ஏறத்தாழப் பாதி, வயலின்மேல் நேராகப் பெய்யும் மழையே. அணைநீர் அதற்கு அடுத்தபடிதான். மேலும், அணை மழையைச் சேர்த்து வைக்குமேயன்றி மழையை உண்டாக்காது. 1978-ல் வறட்சி காரணமாக வெயில்காலப் போகம் அடியோடு கைவிடப்பட்டது. அணைகள் இருந்தும் ஒரு போகம் போயிற்று!

வெப்பம் செய்யும் மாறுதல்

வறட்சி நமக்குப் பழையதே. புதியது யாதெனில், அதற்கு மேல் ஏறியிருக்கும் உலக வெப்பம். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் கரியமில வாயு காற்றில் மிகுந்துவிட்டது. 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிடச் சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது. இதனால் மூன்று காரியங்கள் நேருகின்றன.

முதலாவது, வயலிலும் அணையிலும் உள்ள நீர் அதிகமாக ஆவியாகிறது. மழை பிந்தும் வருடத்தில் இது பெரும் நஷ்டம். 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும், கெடாவின் பெண்டாங், குபாங் பாசு வட்டாரங்களிலும் வெப்பம் தாங்காமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அத்தகைய வெயிலில்தான் உழவர் வயலை நனைத்து விதைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது மழை ஒரேயடியாகக் கொட்டும். கணக்கில் மழை குறையாமலிருக்கலாம். ஆனால் பயிருக்கு உதவாது. சமவெளியில் கொட்டும் மழை வரப்பைத் தாண்டிக் கடலுக்குப் போகும். மலைக்காட்டில் பெய்வதுதான் அணையில் சேரும். 2010 நவம்பரில் கெடாவிலும் பெர்லிஸிலும் பெருவெள்ளம் வந்தது. பெரும் பரப்பில் நெல் மூழ்கியது. குடிநீரும் கெட்டது. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருக்க, ஜனங்கள் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தார்கள்.

மூன்றாவது, இரவின் வெப்பம். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக அது கூறுகிறது. பகலில் பயிர் தேடிய ஆகாரத்தை வெப்பமான இரவில் அதுவே செலவழித்துவிடுவதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் இந்த நஷ்டம் முழுதும் தீராது.

கடையில் தெரிந்த கணக்கு

2023 ஜூலையில் இந்தியா, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 செப்டம்பரில்தான் அத்தடை நீங்கியது. அதனிடையே, 2023 செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறிற்று. எல்லோரும் உள்ளூர் அரிசியைத் தேடினார்கள். பத்துக் கிலோ 26 ரிங்கிட் என்று விலை கட்டப்பட்டிருந்த அந்த அரிசி கடைகளில் காணாமற்போயிற்று. கேட்டு வந்தவர்களை வெறுங்கையுடன் அனுப்பிய கடைக்காரர்களுள் நாமும் உண்டு. வசதியுள்ளவர் விலை கூடிய அரிசியை வாங்கிக்கொண்டு போனார். நாட்கூலிக்காரர் பையை மடித்துக்கொண்டு திரும்பினார். வெளியிலிருந்து வரும் அரிசி குறையும் நாளில் கெடா வயலும் காய்ந்துவிட்டால், முதலில் அடுப்பு அணைவது ஏழை வீட்டில்தான்.

செய்யத்தக்கவை

உழவர் பங்கு: வடிகால் நீரை இறைத்து மறுபடியும் வயலுக்கே பாய்ச்சுவது கெடாவில் ஏற்கெனவே நடந்து வருகிறது. மேற்படி ஆராய்ச்சி நிலையம் பரப்பிவரும் மற்றொரு முறையும் உண்டு. வயலில் துளையிட்ட குழாயை ஊன்றி, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் நீரைக் குறைக்கலாகாது. இதனால் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும்.

அரசாங்கத்தின் பங்கு: உலு மூடா காட்டைக் காப்பது. காட்டு மண் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுகிறது. மரம் போனால் மழையோடு மண்ணும் வந்து அணையில் படியும்.

நம் பங்கு: நாட்டிலேயே தண்ணீரை அதிகமாகச் செலவிடும் மாநிலங்களுள் பினாங்கும் ஒன்று. ஒளு எடுக்கும்போது குழாயை முழுதும் திறந்து விடுவது, கடை வாசலை ரப்பர் குழாயால் கழுவுவது, ஒழுகும் குழாயை மாதக்கணக்கில் விட்டுவைப்பது ஆகியவற்றை இன்றே நிறுத்தலாம். சோற்றையும் வீணாக்கலாகாது. ஒரு கிலோ அரிசி விளையச் சராசரி 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். விருந்து வீட்டில் ஒரு சட்டி சோற்றைக் கொட்டுகிறவர், பல பீப்பாய்த் தண்ணீரையும் சேர்த்தே கொட்டுகிறார்.

பிள்ளைகளைக் கேட்க வேண்டிய கேள்விகள்

1. மூடா அணையின் நீரைச் சுரங்கம் வழியாகப் பெடுவுக்குக் கொண்டு போவது ஏன்?
2. மழையின் அளவு குறையாவிட்டாலும் நெல் கெடுவது எப்படி?
3. நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளித் தண்ணீர் வீணாகிறது? எண்ணிப் பார்த்துச் சொல்லவும்.