ஆறு வயதில் என்ன நடக்கிறது?



என் தம்பிக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். சாயங்காலம் அவனுக்குப் பாடம் சொல்லித் தருவது என் வேலை. சொல்லித் தருவது என்று பேர்தான், திட்டுவதுதான் அதிகம். "மக்கு, இதுகூடத் தெரியாதா?" என்று தலையில் ஒரு குட்டும் வைப்பேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை, "நல்லாப் படிக்கிறியா கண்ணு?" என்று அவனைக் கேட்டார். "நான் மக்கு அத்தை, அக்காதான் நல்லாப் படிக்கும்" என்றான். அழவில்லை, கோபப்படவும் இல்லை. தன் பேரைச் சொல்வதுபோலச் சொன்னான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நூலகத்தில் குழந்தை வளர்ச்சி பற்றித் தேடிப் படித்தேன். படித்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் உடம்பு. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் பள்ளியில் சேர்க்க ஒரு சோதனை வைப்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எங்கள் தாத்தாவுக்குக் கை எட்டாமல் ஒரு வருஷம் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதை வேடிக்கை என்றே நினைத்திருந்தேன். ஆனால் காரணம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 90 சதவீதம் வளர்ந்துவிடுகிறது. ஆகவே அதன் பிறகு தலை அதிகம் பெருக்காது, கைகால்தான் நீளும். காது எட்டுவது அதனால்தான். ஆனாலும் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி வளர்வதில்லை. வயதாகியும் கை எட்டாதவர்களுக்கு இந்தச் சோதனை அநியாயம்தான் (தாத்தா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்).

இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் உயரமும் 2, 3 கிலோ எடையும் கூடும். முன்பல் விழும். அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று, எந்தப் பல்லும் விழாமலே பால்பற்களுக்குப் பின்னால் ஒரு புதுக் கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். சொத்தையானால் அந்த இடத்தில் வேறு பல் வராது. எனக்கு அது சொத்தையானபோது, "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த இடம் இன்றும் காலி. தம்பியின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கீழே இரண்டு பக்கமும் முளைத்திருக்கிறது!

அப்புறம் மணிக்கட்டு. நமக்கு அங்கே 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டுமே வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட ஆரம்பித்து, கடைசி எலும்பின் முறை வரவே 9 முதல் 12 வயது ஆகிவிடும். விரல் தசையும் நரம்பும்கூட இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் அவனை 1 முதல் 100 வரை பத்து தடவை எழுத வைத்திருக்கிறேன். "கை வலிக்குதுக்கா" என்பான். சாக்கு என்று நினைத்தேன்.

இனி புத்தி. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். ஒன்றை மட்டும் அவன் கண்முன்னே ஒல்லியான உயரமான பாட்டிலில் ஊற்றி, "இப்ப?" என்றேன். "பாட்டில்லதான் நிறைய." ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தான்!

இந்தச் சோதனையைப் பிரபலமாக்கியவர் சுவிட்சர்லாந்தில் 1896-இல் பிறந்த ழான் பியாஜே. 1920 வாக்கில் இவர் பாரிஸில் பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். சரியான பதில்களை எண்ணுவதுதான் வேலை. இவர் கண்ணோ தப்பான பதில்கள்மேல் போனது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு செய்தார்கள். அப்படியானால் அது முட்டாள்தனம் இல்லை, அந்த வயதின் யோசிக்கும் முறை என்று எடுத்துக்கொண்டார். உயரத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அகலத்தையும் சேர்த்து நினைக்கவும், திரும்ப ஊற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கவும் ஏறக்குறைய ஏழு வயது ஆகும் என்றார். எடை விஷயத்தில் 9, 10 வயதுகூட ஆகலாமாம்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அடுத்த பக்கத்தில் இன்னொன்று இருந்தது. 1970-களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் ஒரு சந்தேகம் கேட்டார்கள். பெரியவர் ஒருவர் தானே பொருளை மாற்றி வைத்துவிட்டு, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால் குழந்தை என்ன நினைக்கும்? "முன்னால் சொன்னது தப்போ?" என்று நினைக்காதா? ஆகவே வில்லைகளின் வரிசையை ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைப்பதுபோல நடத்தினார்கள். இந்த முறையில் இன்னும் அதிகமான குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள்.

எங்களிடம் கரடி இல்லை, ரப்பர் வாத்துதான் இருந்தது. புளியங்கொட்டையை ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தேன். ஒரு வரிசையை நான் அகட்டி வைத்துக் கேட்டபோது தம்பி கொட்டையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தான். குட்டு விழுமா என்று பார்த்தான். பிறகு, "இதுதான் நிறைய" என்றான், மெதுவாக. மறுநாள் வாத்து வந்து கலைத்தது. "ரெண்டும் ஒண்ணுதான், இந்த வாத்து கலைச்சுடுச்சு!" என்று சிரித்தான்.

தண்ணீரில் வாத்தும் பலிக்கவில்லை, இன்னும் பாட்டில்தான் என்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை. கணக்கை மட்டும் இப்போது புளியங்கொட்டை வைத்துச் சொல்லித் தருகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஐந்து முதல் எட்டு வயதுக்குள் தம்பி தங்கை இருந்தால் டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். சிரிக்காமல், முகம் சுளிக்காமல் கேளுங்கள். இந்தத் தாளுக்குக் கீழே கட்டம் போட்டுப் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பேர் வேண்டாம், வயதும் பதிலும் போதும். முதல் வரியை நானே நிரப்பிவிட்டேன்: வயது 6, "உயரமா இருக்குல்ல, அதான் நிறைய."

— 11-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு